மங்கலான மீன்கொத்தி

எங்கள் மகளுக்குக் கல்லூரியில் இடம் தேடியபோதுகூட என் வீட்டுக்காரர் இவ்வளவு யோசிக்கவில்லை. பர்கூர் அரசு இன்ஜினியரிங் கல்லூரியில் கிடைத்தது என்றதும், "நல்லதாப் போச்சு, ஹாஸ்டல் இருக்குது, பஸ்ஸும் இருக்குது, சேத்துடலாம்" என்று சோற்றில் ரசம் ஊற்றிக்கொண்டே முடிவு செய்துவிட்டார். ஓசூரில் இந்த வீட்டை வாங்கியதும் அப்படித்தான். குழாயைத் திறந்தார், தண்ணீர் வந்தது, வாங்கிவிட்டார். ஆனால் கேமராவை மாற்றுவதா வேண்டாமா என்பது அப்படி எடுத்தேன் கவிழ்த்தேன் என்று முடிவெடுக்கிற விஷயமா என்ன? மழை போய்ப் பனி வந்து, பனி போய் வெயிலும் வந்துவிட்டது. எங்கள் வீட்டில் பேச்சுவார்த்தை மட்டும் முடியவில்லை.

அவர் வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். சிப்காட்டில் ஒரு தொழிற்சாலை. பைக்குக்கும் ஸ்கூட்டருக்கும் முன்சக்கரத்தில் பிரேக்கைத் தாங்கிப் பிடிக்கிற ஒரு வார்ப்புப் பாகம் அங்கே தயாராகிறது. மெஷின்கள் தங்கள் சோதனைகளை முடித்த பிறகு, பெட்டியில் அடுக்குவதற்கு முன்னால், கடைசியாக ஓர் ஆள் அதை வெள்ளை விளக்கின் கீழே திருப்பித் திருப்பிப் பார்ப்பார். மயிரிழை அளவுக்கு விரிசல் இருந்தாலும் சிவப்புப் பெட்டி. இல்லாவிட்டால் பச்சைப் பெட்டி. அந்தக் கடைசி ஆள் இவர்தான். கல்யாணமான நாளிலிருந்து நான் அதிகம் கேட்ட வசனம், "என் கண்ணைத் தாண்டி ஒண்ணு வெளிய போயிடுமா?" என்பது. தோசையின் கரிந்த ஓரம் அந்தக் கண்ணைத் தாண்டாது. என் புடவையில் நூல் பிரிந்த இடம் தாண்டாது. மூன்று நாளாகப் பழுதாகிக் கிடக்கும் மிக்ஸி மட்டும் எப்படியோ தாண்டிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் அதே கண்ணை எடுத்துக்கொண்டு பறவை பார்க்கக் கிளம்பிவிடுவார். ஏரிக்கரை, அஞ்செட்டி பக்கம், சில நாள் நாட்றாம்பாளையம் வரைக்கும். வாரம் முழுக்க இரும்பைப் பார்க்கிறவருக்கு ஒரு நாளாவது இறகைப் பார்க்க வேண்டுமாம். நல்ல ஆசைதான், நான் குறை சொல்லவில்லை. எனக்கும் வாரம் முழுக்க ரோஜாப் பூ பேக் செய்யும் கூடத்தில் மேற்பார்வை. ஞாயிற்றுக்கிழமை நானும் எதையாவது பார்க்கப் போகலாம். துவைக்கிற துணியைப் பார்த்துக்கொண்டு இருந்துவிடுகிறேன்.

இந்தப் பைத்தியம் முற்றியதற்குக் காரணம் ஒரு காலண்டர். கம்பெனியில் வருஷா வருஷம் தொழிலாளர்கள் எடுத்த படங்களைப் போட்டுக் காலண்டர் அடிப்பார்கள். ஒரு வருஷம் இவர் எடுத்த நாரையை ஜூலை மாதத்துக்குப் போட்டுவிட்டார்கள். அவ்வளவுதான். அந்தக் காலண்டர் எங்கள் கூடத்துச் சுவரில் ஏறியது, இறங்கவே இல்லை. பொங்கல் வந்தாலும் தீபாவளி வந்தாலும் எங்கள் வீட்டில் மட்டும் ஜூலை. வருகிறவர்கள் தேதி பார்க்க அண்ணாந்து பார்ப்பார்கள், குழம்புவார்கள், இவர் நாரையைப் பற்றி ஆரம்பித்துவிடுவார்.

போன வருஷக் காலண்டரில் இவர் படம் வரவில்லை. இவருடன் வேலை செய்யும் நண்பர் ஒருவரின் படம் மூன்று மாதங்களுக்கு வந்திருந்தது. கன்னடக்காரர், அத்திப்பள்ளியிலிருந்து தினமும் எல்லை தாண்டி வேலைக்கு வருகிறவர். அண்ணன் மனைவியைக் கூப்பிடுவதுபோல் என்னை "அத்திகே" என்றுதான் கூப்பிடுவார், நான் போடுகிற காபிக்கு நியாயமான மரியாதை கொடுக்கும் ஒரே மனிதர். அவர் புதுக் கேமரா வாங்கியிருந்தார். பறவையின் கண்ணை அதுவே கண்டுபிடித்து அதுவே ஃபோகஸ் செய்யுமாம்.

"அத்திகே, நாம ஒண்ணுமே பண்ண வேணாம், பட்டனை அமுக்கினா போதும்" என்றார் ஒருநாள்.

"அப்போ நீங்க எதுக்குங்க ஏரிக்கரைக்குப் போறீங்க? அதையே அனுப்பிடுங்களேன்" என்றேன்.

அவர் சிரித்தார். என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. அந்தக் கேமராவைக் கையில் வாங்கி, பிறந்த குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். என் மகள் பிறந்தபோது அப்படித் தூக்கியதாக எனக்கு ஞாபகம் இல்லை.

அன்றிலிருந்து புலம்பல். "படம் எல்லாம் மங்கலா விழுதுடி. எவ்ளோ ஆடாம அசையாம எடுத்தாலும் மங்கல்." முதலில் லென்ஸில் தூசி என்றார், அதைத் துடைப்பதற்கென்று ஒரு துணி வந்தது, அந்தத் துணியைத் தொட எனக்கு அனுமதி இல்லை. அப்புறம் பூஞ்சை என்றார். பெங்களூரில் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனார். அவர்கள் ஒரு வாரம் வைத்திருந்து, ஒரு குறையும் இல்லை என்று திருப்பிக் கொடுத்தார்கள். இவருக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே! "இவனுங்களுக்கு இன்ஸ்பெக்‌ஷன்னா என்னான்னு தெரியுமா? வெளிச்சத்துல வச்சு ஒருத்தனாவது பாத்திருப்பானா?" என்று கிருஷ்ணகிரியில் இருக்கிற அவர் தம்பிக்குக் கேட்கிற அளவுக்குக் கத்தினார்.

அதற்கப்புறம் நடந்ததுதான் அசல் கூத்து. கம்பெனியில் ஒரு பாகம் கெட்டுப்போனால் மீன் முள் மாதிரி ஒரு படம் வரைவார்களாம். தலையில் குறையை எழுதி, ஒவ்வொரு முள்ளிலும் ஒரு காரணம்: மெஷின், மெட்டீரியல், மெத்தட், மேன். மகள் பள்ளிக்கூடத்தில் படித்தபோது வாங்கிய வெள்ளைப் பலகையைப் பரணிலிருந்து இறக்கி, சமையலறை வாசலில் சாய்த்து வைத்து, மங்கலான மீன்கொத்திக்கு மீன் முள் வரைய ஆரம்பித்துவிட்டார். நான் மீன் குழம்பு வைத்துக்கொண்டிருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மெஷின் முள்ளில் கேமரா, லென்ஸ், சென்சார் என்று இடம் பத்தாமல் எழுதினார். மெத்தட் முள்ளில் ஷட்டர் வேகம். மேன் என்ற முள்ளில், ரொம்ப நேர்மையாக, "கை நடுக்கம்" என்று ஒன்றே ஒன்று எழுதினார். அடுத்த வாரம் ஒரு முக்காலி ஸ்டாண்டு வீட்டுக்கு வந்தது. "கை நடுக்கம்" அடிக்கப்பட்டது. ஆள் நிரபராதி.

"ஆளைக் குத்தம் சொல்றது ரொம்ப சுலபம். அதான் அதைக் கடைசியா பாக்கணும்னு டிரெயினிங்ல சொல்லியிருக்காங்க" என்று எனக்கே வகுப்பெடுத்தார்.

"நல்ல டிரெயினிங். தள்ளுங்க, கொத்தமல்லி எடுக்கணும்" என்றேன்.

இதற்கிடையில் மனுஷர் வேறு பல விஷயங்களிலும் குறை கண்டுபிடித்துக்கொண்டிருந்தார். கூடத்து டியூப்லைட் மங்கிவிட்டது என்று மாற்றினார். புது டியூப்லைட்டும் மங்கல் என்றார். சாயங்காலம் ஆனால் பைக்கை எடுக்க மாட்டேன் என்றார். எதிரே வருகிறவன் எல்லாம் ஹைபீம் போட்டுக்கொண்டு வருகிறானாம், நெடுஞ்சாலையில் ஒருவனுக்கும் ஒழுக்கம் இல்லையாம். சரி, சோம்பேறித்தனத்துக்கு இப்படி ஒரு பேர் வைத்திருக்கிறார் என்று நினைத்து, மளிகைக்கும் காய்கறிக்கும் நானே ஸ்கூட்டரில் போய்வந்தேன்.

ராத்திரி பகல் என்று இல்லாமல் கேமரா வீடியோக்கள். மகளுக்குப் போன் போட்டாலும் அதே பேச்சு. "அப்பா, வாங்கணும்னா வாங்குங்க, இல்லன்னா விடுங்க, எனக்கு இன்டெர்னல் டெஸ்ட் இருக்குது" என்று அவள் ஒருநாள் போனை வைத்தேவிட்டாள். கடைசியில் எனக்குப் பொறுமை போய்விட்டது. ஒரு சனிக்கிழமை, "வாங்கித் தொலைங்க சாமி! வாங்குங்க, பக்கத்துல படுக்க வச்சுக்குங்க, நான் பாய் போட்டுக் கூடத்துல படுத்துக்குறேன்" என்று கத்திவிட்டேன். மனுஷர் கோபப்படவே இல்லை. "அப்போ நாளைக்கே பெங்களூர் போலாமா?" என்றார். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

மறுநாள் காலை பழைய கேமராவைக் கடையில் கொடுத்துவிட்டு அதற்கு ஈடாகக் கொஞ்சம் கழித்துக்கொண்டு புதியது வாங்குவதாக ஏற்பாடு. அதற்கு முன்னால் அதில் இருந்த படங்களைக் காலி செய்ய வேண்டும். கேமராவை டிவியில் மாட்டிக்கொண்டு, முகத்தை டிவிக்கு ஒரு முழம் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் தலைசீவிக்கொண்டே வந்து நின்றேன். உண்மையைச் சொன்னால், அவர் படங்களை நான் அதுவரைக்கும் ஒழுங்காகப் பார்த்ததே இல்லை. ஜூலையே போதும் போதும் என்று இருந்தது.

டிவியில் ஒரு மீன்கொத்தி. காய்ந்த கிளையில் உட்கார்ந்திருக்கிறது. அலகு நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீர். மார்பில் ஒவ்வொரு இறகும் தனித்தனியாகச் சீவிவிட்டதுபோல் இருக்கிறது. நான் சீப்பைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். இவ்வளவு அழகாக எடுக்கத் தெரியுமா இந்த ஆளுக்கு?

"பாத்தியா? இதான் நான் சொன்னது. எவ்ளோ மங்கல்!" என்றார். அழித்துவிட்டார்.

"ஐயோ, ஏங்க!"

அடுத்தது ஒரு மரங்கொத்தி. அதுவும் கண்ணாடி மாதிரி இருந்தது. "இதுவும் மங்கல்." அழித்தார். அடுத்ததற்குக் கை போனபோது அவர் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"எங்க மங்கல்? எனக்குக் காட்டுங்க."

"உனக்குத் தெரியாதுடி. இதெல்லாம் பழகின கண்ணுக்குத்தான் தெரியும்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என் போனில் அந்த டிவியைப் படம் எடுக்காமல், கேமராவிலிருந்தே அந்த மூன்றாவது பறவையின் படத்தை மகளுக்கு அனுப்பச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் அவளே கூப்பிட்டாள். "அப்பா, சூப்பர்! அது கண்ணுல மரம் தெரியுதுப்பா. புதுக் கேமரா வாங்கிட்டீங்களா?" போன் ஸ்பீக்கரில் இருந்தது. அவர் டிவியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் டிவியைப் பார்த்தார்.

நான் ரிமோட்டை எடுத்துச் செய்தி சேனலுக்கு மாற்றினேன். "கீழ ஓடுதே, அதைப் படிங்க."

"எதுக்கு?"

"படிங்கன்னா படிங்க. இங்க என் பக்கத்துல வந்து நின்னு."

அவர் கண்ணைச் சுருக்கினார். தலையை இப்படி அப்படிச் சாய்த்தார். "தமிழகத்துல... மழை..." என்றார். அங்கே மழையே இல்லை. வெங்காய விலை ஓடிக்கொண்டிருந்தது.

"கம்பெனியில வருஷா வருஷம் கண்ணு டெஸ்ட் பண்றாங்களே, அதுல எப்படிப் பாஸ் ஆனீங்க?"

அப்போதுதான் அந்த ரகசியம் வெளியே வந்தது. ரகசியம் என்றுகூட அவர் நினைத்திருக்கவில்லை. கேன்டீனில் வரிசையாக நிற்க வைப்பார்களாம். சுவரில் அதே பழைய ஆங்கில எழுத்து அட்டை, வருஷா வருஷம் அதே அட்டை. முன்னால் நிற்கிறவன் வாசிப்பது பின்னால் நிற்கிறவன் காதில் விழும். அவன் பின்னால் நிற்கிறவனுக்கும் விழும். "அதெல்லாம் எல்லாருக்கும் மனப்பாடம்டி" என்று, ஏதோ வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் கடைசி வரி வரைக்கும் ராகத்தோடு ஒப்பித்தார். பாதியில் அவர் குரல் மெதுவாகியது.

பெங்களூர் போகவில்லை. திங்கட்கிழமை லீவு போட்டுக்கொண்டு கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். போகிற வழி முழுக்க, "எல்லாம் டியூப்லைட்டோட கோளாறு, எதிர்ல வர்றவனோட கோளாறு, கேமரா செஞ்ச ஜப்பான்காரனோட கோளாறு, ஐயா மட்டும் சுத்தம்" என்று நான் வண்டி ஓட்டிக்கொண்டே சொல்லிக்கொண்டு போனேன். எனக்குப் பயம். பயம் வந்தால் என் வாய் நிற்காது. அவர் பின்னால் உட்கார்ந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

இரண்டு கண்ணிலும் புரை. சர்க்கரை இருப்பதால் இந்த வயதிலேயே முற்றிவிட்டதாம். "மெதுவா வர்றதால உங்களுக்கே தெரிஞ்சிருக்காது. பயப்படாதீங்க, லென்ஸ் மாத்தினா சரியாயிடும்" என்றார் டாக்டரம்மா. வேறு நாளாக இருந்தால் இதை வைத்தே நான் ஒரு வருஷம் ஓட்டியிருப்பேன். சிரிப்பு வரவில்லை.

வெளியே வந்து வண்டி நிறுத்தும் இடத்தில் நின்றோம். நல்ல செய்திதானே, டீ குடிக்கலாம் என்று கூப்பிட நினைத்தேன். அவர் என் ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்திருந்தார். முன்சக்கரத்தின் பிரேக்கை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"என்னாங்க பண்றீங்க?"

"இது எங்களோடதுதான். எங்க லைன்ல வர்றது."

எனக்கு அப்போதுதான் மண்டையில் ஏறியது. இத்தனை மாதமாக நாங்கள் கேமராவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். மங்கிய மீன்கொத்தியைப் பற்றி, நாரையைப் பற்றி. திங்கள் முதல் சனி வரைக்கும் அந்தக் கண் வேறு என்னத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. பலகையில் அத்தனை முள் வரைந்தவரும் கேட்கவில்லை, பக்கத்தில் கொத்தமல்லி ஆய்ந்தவளும் கேட்கவில்லை.

"மெஷின் டெஸ்ட் இருக்குதுல்ல?" என்றேன். ஏதாவது சொல்ல வேண்டுமே.

"அது உள்ள பாக்கும். மேல வர்ற விரிசலுக்கு நான்தான்."

"இப்ப சொன்னா வேலை போயிடுமா?"

அவர் எழுந்தார். போனை எடுத்து, எண் கண்ணுக்குத் தெரியாமல் என்னிடம் நீட்டினார். சூப்பர்வைசர் பேரை நான் தேடிப் போட்டுக் கொடுத்தேன். அந்த வெயிலில் நின்று, "சார், என் ஸ்டேஷன்ல பாஸ் ஆன சரக்கையெல்லாம் நிறுத்தி வைங்க. எனக்குக் கண்ணு தெரியல சார்" என்றார். இவரோடு எத்தனையோ சண்டை போட்டிருக்கிறேன், எத்தனையோ கிண்டல் செய்திருக்கிறேன். அந்த நிமிஷம் அவர்மேல் எனக்கு வந்த மரியாதையைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. கைப்பையில் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

வேலை போகவில்லை. பேக்கிங்கில் போட்டார்கள். அதைவிடப் பெரிய அவமானம் அவருக்கு வேறு இல்லை. வேறு ஒருவர் பார்த்துத் தேர்ந்தெடுத்த பாகத்தை அட்டைப் பெட்டியில் போட்டு டேப் ஒட்டுகிற வேலை. கேன்டீன் அட்டை மாறியது. அடுத்த டெஸ்டில் வரிசையில் பாதிப் பேர் திணறினார்களாம். கிடங்கில் இருந்த சரக்கை மறுபடியும் பார்த்ததில் ஒரே ஒரு பாகத்தில் விரிசல் இருந்தது. முக்கியமான இடத்தில் இல்லை, பெரிய ஆபத்து இல்லை என்று மேனேஜர் சொன்னாராம். லாரி ஏறிப்போனவற்றில், திருப்பி எடுக்க முடிந்ததை எடுத்தார்கள். முக்கால்வாசி அதற்குள் வண்டிகளில் மாட்டப்பட்டு ஊர் ஊராகப் போய்விட்டது.

இரண்டு கண்ணுக்கும் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டுப் பிரித்துச் சில நாள் கழித்து, மகள் ஹாஸ்டலிலிருந்து வந்திருந்தபோது, நண்பரும் பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். பழைய கேமராவை டிவியில் மாட்டினோம். அழிபடாமல் தப்பித்த படங்கள் கொஞ்சம் இருந்தன. மகளுக்கு அனுப்பிய அந்தப் பறவை வந்தது. அவர் சோபாவில் சாய்ந்து உட்கார்ந்தபடியே, டிவியிடம் போகாமலே பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"எவ்ளோ நல்லதையெல்லாம் அழிச்சிட்டீங்க! பேடா பேடா, வேணாம் வேணாம்னு நான் சொல்லியிருப்பேனே" என்று நண்பர் வருத்தப்பட்டார். அலகு நுனியில் தண்ணீர்ச் சொட்டோடு இருந்த அந்த மீன்கொத்தி இனி எங்கே வரப்போகிறது?

"அழிச்சது போனாப் போவுது" என்றார் அவர். "பாஸ் பண்ணி அனுப்பிச்சதை நெனச்சாத்தான்..."

நண்பர் காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

கேமரா பேச்சு அதோடு நின்றது. நானாகவே ஒருநாள், "புதுசு வாங்கலாமே, அதான் கண்ணு நல்லாயிடுச்சே" என்று எடுத்துக்கொடுத்துப் பார்த்தேன். "எதுக்கு, இதுவே நல்லாத்தானே இருக்குது" என்றார். அந்தப் பழைய நச்சரிப்பு திரும்பி வராதா என்று ஏங்குவேன் என யாராவது சொல்லியிருந்தால் அப்போது நான் நம்பியிருக்க மாட்டேன்.

இப்போது தினமும் காலையில் நான் வேலைக்குக் கிளம்புவதற்கு முன், அவர் டார்ச்சை எடுத்துக்கொண்டு வந்து என் ஸ்கூட்டரின் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பிரேக்கைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். எனக்கு நேரமாகிறது, ரோஜா லாரி காத்திருக்கிறது, ஆனாலும் நான் நிற்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் என் பின்னால் உட்கார்ந்து வருவார், கழுத்தில் கேமரா இருக்கும். பாகலூர் ரோட்டு சிக்னலில் நிற்கும்போது மின்கம்பியில் கரிச்சான் உட்கார்ந்திருந்தால் நான்தான் காட்டுகிறேன். அவர் தலையைத் தூக்குவதில்லை. பக்கத்தில் வந்து நிற்கிற வண்டிகளின் முன்சக்கரத்தையே ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.